பெரும்பாடும் 80 மில்லியும்

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில், மருந்துச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். சென்ற ஆண்டு ஒரு மாலை எட்டுப் பக்கத் தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். "மேடம், இது பேஷன்ட்டுங்களுக்குக் குடுக்கிற தகவல் தாள். ஏஜென்சியில மொழிபெயர்த்துக் குடுத்திருக்காங்க. தமிழ் சரியா இருக்கான்னு மட்டும் ஒருதடவை பாத்துக் குடுங்க" என்றாள். ஃபைப்ராய்டு என்று நாம் சொல்லும் நார்க்கட்டி கர்ப்பப்பையில் உள்ள பெண்களை, ஒரு மாத்திரையின் சோதனைக்கு அழைக்கும் தாள் அது.

எனக்கும் அதே கட்டிகள் மூன்று இருப்பது அவளுக்குத் தெரியாது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஸ்கேன் எடுத்திருந்தேன். மருத்துவர் அறிக்கையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "பயப்படாதீங்க, கேன்சர் இல்ல. சாதாரணக் கட்டிதான். குழந்தைங்க இருக்காங்கல்ல? எடுத்துடலாம்." எடுப்பது கட்டியையா, கர்ப்பப்பையையா என்று கேட்க எனக்குச் சற்று நேரம் ஆனது. அவர் கர்ப்பப்பையைத்தான் சொன்னார்.

ஆகவே அந்தத் தாளைத் தமிழ் ஆசிரியையாகவும் அழைக்கப்படும் பெண்ணாகவும் ஒரே நேரத்தில் வாசித்தேன். பிறகு இதே வகை மருந்துகளுக்கு நடந்துமுடிந்த பெரிய சோதனைகளின் அறிக்கைகளையும் தேடி வாசித்தேன். வகுப்பில் ஒரு பிரதியிடம் கேட்கும் கேள்விகளையே இவற்றிடமும் கேட்டேன். யார் பேசுகிறார்கள்? யாரிடம்? யாரை உள்ளே விடுகிறார்கள்? யாரை வாசலிலேயே நிறுத்துகிறார்கள்?

இரண்டு சொற்கள்

முதல் பக்கத்திலேயே என்னை நிறுத்திய சொற்கள் இரண்டு. ஒன்று, "தீங்கற்ற கட்டி". மற்றொன்று, "கனத்த மாதவிடாய் இரத்தப்போக்கு".

இரண்டாவது, ஆங்கிலத்தை வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்தது. எந்தப் பெண்ணும் தன் இரத்தப்போக்கைக் கனம் என்று சொல்வதில்லை. "ரொம்பப் போகுது", "நிக்கவே மாட்டேங்குது", "கட்டி கட்டியா விழுது" என்றுதான் சொல்கிறோம். இதற்கென்று நம்மிடம் ஒரு பழைய சொல்லும் இருக்கிறது: பெரும்பாடு. சித்த மருத்துவத்தில் இன்றும் புழங்கும் சொல் அது. பாட்டிமாரிடம் கேட்டால் தெரியும். பாடு என்றால் உழைப்பு, துன்பம். "அவ பட்ட பாடு" என்கிறோம் அல்லவா, அந்தப் பாடு. இந்தச் சொல் இரத்தத்தின் அளவைச் சொல்லவில்லை, அந்தப் பெண் என்ன படுகிறாள் என்பதைச் சொல்கிறது. தாளின் ஓரத்தில் "பெரும்பாடு" என்று எழுதி அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து மாணவி வந்தாள். "அந்த வார்த்தை இப்ப நிறைய பேருக்குத் தெரியாதுன்னு சொல்றாங்க மேடம். அதோட, பாடுன்னா அளக்க முடியாதாம்." கடைசியில் "அதிக இரத்தப்போக்கு" என்று போட்டார்கள். முதல் காரணத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டாவது காரணம் என்னைத் தூங்கவிடவில்லை. அப்படியானால் இவர்கள் அளப்பது எதை?

80 மில்லி எங்கிருந்து வந்தது?

ஒரு மாதவிடாய்ச் சுற்றில் 80 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் போனால் அது அதிகப் போக்கு. இதுதான் இந்தச் சோதனைகளின் வாசற்படி. கோடு கிழிக்கப்பட்ட இடம் ஸ்வீடன். 1964இல் லெய்ஃப் ஹால்பெர்க்கும் நில்சனும், பயன்படுத்திய நாப்கின்களிலிருந்து இரத்தத்தின் அளவைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். நாப்கினைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, வெளிவரும் நிறத்தின் அடர்த்தியை அளந்து, அந்தப் பெண்ணின் நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தோடு ஒப்பிடுவது அந்த முறை. அடுத்து கோதென்பர்க் நகரில் 476 பெண்களிடம் நடத்திய ஆய்வு 1966இல் வெளிவந்தது. 80 மில்லிக்கு மேல் இழப்பவர்களிடம் இரும்புச்சத்துக் குறைவு கூடுதலாக இருந்ததால் கோடு அங்கே விழுந்தது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. 80 மில்லிக்கு மேல் இழந்த பெண்களில் 40 விழுக்காட்டினர், தங்கள் போக்கு மிதமானது அல்லது குறைவு என்றே நினைத்திருந்தார்கள். 20 மில்லிக்கும் குறைவாக இழந்தவர்களில் 14 விழுக்காட்டினர் தங்களுக்கு அதிகம் போவதாக நினைத்தார்கள். பெண்கள் சொல்வதை நம்ப முடியாது, அளந்தே ஆகவேண்டும் என்பதற்கு இந்த எண்கள் பல காலம் சான்றாகக் காட்டப்பட்டன.

எனக்கு இந்த எண்கள் வேறொன்றைச் சொல்கின்றன. மற்றவர்களுக்கு எவ்வளவு போகிறது என்பதைப் பார்த்து ஒப்பிட நமக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை. அம்மாவுக்கு எப்படியோ, அக்காவுக்கு எப்படியோ, அதுதான் நமக்கு இயல்பு. இரத்தசோகையில் மூச்சு வாங்கினாலும் "நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கே அப்படித்தான்" என்று சொல்லப் பழகியிருக்கிறோம். அந்த 40 விழுக்காட்டினர் அளக்கத் தெரியாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பொறுத்துக்கொள்ளக் கற்பிக்கப்பட்டவர்கள் என்று நினைக்கிறேன்.

என் அம்மாவுக்கு 38 வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். எவ்வளவு போனது என்று இப்போது கேட்டேன். "எவ்வளவுன்னு எப்படிச் சொல்றது? ஒரு நாளைக்கு மூணு பாவாடை மாத்துவேன். ராத்திரி பாய்மேல சாக்கு விரிச்சுப் படுப்பேன். உங்க அத்தை கல்யாணத்துக்குப் போகல, பஸ்ஸுல உக்காரப் பயம்" என்றார். பாவாடை, சாக்கு, பஸ். அம்மாவின் அளவைகள் இவை. மருத்துவக் குறிப்பில் ஏறியது "தீங்கற்ற கட்டி" என்ற ஒரு வரி.

2004இல் எடின்பரோவில் பமீலா வார்னர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இந்தக் கோட்டையே கேள்வி கேட்டது. அதிகப் போக்கு என்று மருத்துவமனைக்கு வந்த பெண்களின் இரத்தத்தை அளந்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கே 80 மில்லியைத் தாண்டியது. மற்றவர்கள் பொய் சொல்ல வரவில்லை. அவர்கள் சொன்ன துன்பம் வேறு, கருவி அளந்த பொருள் வேறு. 2007இல் பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல், பெண்ணின் உடல், மனம், சமூக வாழ்வு ஆகியவற்றைப் பாதிக்கும் இரத்தப்போக்கே அதிகப் போக்கு என்று வரையறுத்தது. அது ஏறக்குறைய பெரும்பாடு என்ற சொல்லின் பொருள்தான்.

ஆனால் மருந்துச் சோதனைகள் அந்தத் திசையில் போகவில்லை. 2020இல் வெளியான எலகோலிக்ஸ் மருந்தின் எலாரிஸ் சோதனைகள் இரண்டும், 2021இல் வெளியான ரெலுகோலிக்ஸ் மருந்தின் லிபர்ட்டி சோதனைகள் இரண்டும் அதே நாப்கின் முறையைத்தான் கையாண்டன. பெண்கள் தாங்கள் பயன்படுத்திய நாப்கின் ஒவ்வொன்றையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் கறுப்புக் கவரில் சுற்றித்தருவதை, இன்னொரு கறுப்புக் கவரில் சுற்றி எறியும் ஊர் நம்முடையது. அந்தப் பழக்கத்தை உடைத்து, இதுவும் அறிவியலுக்கு உரிய பொருள்தான் என்று சொல்வதில் எனக்கு மகிழ்ச்சியே. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. ஒரே அறையில் மாமியார், கணவன், பிள்ளைகளோடு இருப்பவள் ஒரு வார நாப்கின்களை எங்கே சேர்த்துவைப்பாள்? என் கையில் இருந்த எட்டுப் பக்கத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

வெற்றி என்பது எது?

இந்த நான்கு சோதனைகளிலும் மருந்து பலித்தது என்று சொல்ல ஒரே அளவுகோல்: கடைசி மாதப் போக்கு 80 மில்லிக்குள் வரவேண்டும், முன்பிருந்ததில் பாதியாவது குறைந்திருக்க வேண்டும். மருந்து எடுத்தவர்களில் சுமார் 68 முதல் 77 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டினார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் எட்டியவர்கள் சுமார் 9 முதல் 19 விழுக்காடு. நல்ல மருந்து என்பதில் சந்தேகம் இல்லை. இதைச் சிறுமைப்படுத்த நான் எழுதவில்லை.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 165 மில்லி போனவளுக்கு 79 ஆகிவிட்டால் வெற்றி. 300 மில்லி போனவளுக்கு 100 ஆனால் தோல்வி. இரண்டாமவள் மறுபடியும் பஸ்ஸில் உட்காரத் தொடங்கியிருக்கலாம். வலி, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றையும் இந்தச் சோதனைகள் கேட்டன. ஆனால் அவற்றுக்கு இரண்டாம் வரிசைதான்.

வெற்று மாத்திரையைப் பற்றியும் பேச வேண்டும். எலாரிஸில் நான்கில் ஒரு பங்குப் பெண்களும், லிபர்ட்டியில் மூன்றில் ஒரு பங்குப் பெண்களும் ஆறு மாதம் மருந்தில்லாத மாத்திரையை விழுங்கினார்கள். ஒப்பிட ஒரு குழு வேண்டும், அதனால் இது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மருத்துவரின் அறையில் நம் முன்னால் இருக்கும் கேள்வி "இந்த மருந்தா, வெற்று மாத்திரையா" என்பதல்ல. இந்த மருந்தா, கட்டியை மட்டும் அகற்றும் அறுவையா, ஹார்மோன் சுரக்கும் கர்ப்பப்பைச் சாதனமா, கர்ப்பப்பையை எடுப்பதா என்பதுதான். 1962இல் ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோ என்ற பெண் மருத்துவர் தம் கணவருடன் சேர்ந்து கண்டறிந்த ட்ரானெக்சாமிக் அமிலம் நம் ஊர் மருந்துக்கடைகளிலும் கிடைக்கிறது. புதிய மருந்து அதைவிட எவ்வளவு மேல் என்பதற்கும் இந்த நான்கு சோதனைகளில் விடை இல்லை.

வாசலில் நிற்பவர்கள்

யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்கமாட்டார்கள் என்ற பட்டியல்தான் என்னைப் பொறுத்தவரை இந்தத் தாள்களின் இதயம். ஒரு நாவலில் யார் கதாநாயகி என்பதைப் போல, இந்தச் சோதனை யாரைப் பெண் என்று கற்பனை செய்கிறது என்பது அங்கேதான் தெரிகிறது.

இந்த மருந்துகள் சினைப்பையின் ஹார்மோனை அடக்குபவை, கருவுக்கு ஆகாதவை. ஆகவே சோதனைக் காலம் முழுக்கக் கருத்தரிக்கக் கூடாது, ஹார்மோன் இல்லாத கருத்தடை முறையைப் பின்பற்ற வேண்டும். பாதுகாப்புக் கருதிய விதி, சரியான விதி. ஆனால் நம் ஊரில் கட்டி என்று கேள்விப்பட்டதும் பலருக்கு முதலில் எழும் கேள்வி, "குழந்தை பிறக்குமா?" அந்தக் கேள்வியோடு வருபவள் இந்த வாசலுக்குள் நுழைய முடியாது. கருத்தடையைத் தன் முடிவாக எடுக்கும் அதிகாரம் வீட்டில் இல்லாதவளும் நுழைய முடியாது. தாளில் அவள் விருப்பம் மட்டும் கேட்கப்படுகிறது. ஆணுறை அணிய வேண்டியவனின் விருப்பத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., கருத்தரிக்கும் வயதுப் பெண்களை ஆரம்பகட்டச் சோதனைகளிலிருந்து விலக்கச் சொன்னது. பிறக்காத குழந்தையைக் காக்கவென்று பெண்களை அறிவியலுக்கு வெளியே நிறுத்தினார்கள். பெண்ணியவாதிகள் பல ஆண்டுகள் போராடிய பின் 1993இல்தான் அது மாறியது. நாம் சோதனைக்குள் போனதே போராடித்தான். அதனால்தான் "பெண்களே, சோதனைக்குப் போகாதீர்கள்" என்று என்னால் எழுத முடியவில்லை. சோதிக்கப்படாத மருந்து நம் உடலில் இறங்குவது அதைவிட மோசம்.

உள்ளே போனவர்கள் யார்? எலாரிஸ் சோதனைகளில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினப் பெண்கள். அது சரியான சேர்க்கை. 50 வயதுக்குள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட கறுப்பினப் பெண்களுக்கும் 70 விழுக்காட்டுக்கு நெருக்கமான வெள்ளையினப் பெண்களுக்கும் இந்தக் கட்டி வருகிறது என்று 2003இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பலருக்கு அது எந்தத் தொல்லையும் தருவதில்லை. தொல்லை தரும்போது கறுப்பினப் பெண்களுக்குக் கூடுதலாகத் தருகிறது.

அடுத்து, காலம். சோதனைகளின் முதல் கட்டம் 24 வாரம். 2020, 2021 ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தபோது, எலும்பு தேயும் ஆபத்து இருப்பதால் 24 மாதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். எனக்கு வயது 43. மாதவிடாய் நிற்கப் பொதுவாக 50ஐ ஒட்டி ஆகும். இரண்டு ஆண்டு போக மீதி ஆண்டுகளுக்கு? "விடுதலை" என்று பொருள்படும் பெயரை வைத்துக்கொண்ட சோதனை, இரண்டு ஆண்டு விடுதலைக்குத்தான் வழி காட்டுகிறது.

தீங்கற்றது என்று சொல்வது யார்?

இப்போது முதல் சொல்லுக்கு வருகிறேன். தீங்கற்ற கட்டி என்றால், அது வேறு உறுப்புகளுக்குப் பரவாது என்று பொருள். செல்லின் நடத்தையைப் பற்றிய சான்றிதழ் அது. அந்தக் கட்டியோடு வாழும் பெண்ணைப் பற்றி அந்தச் சொல்லுக்கு ஒன்றும் தெரியாது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019-21இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடலிலிருந்து மாதாமாதம் இன்னும் கொஞ்சம் எடுக்கும் கட்டியைத் தீங்கற்றது என்று யாரிடம் சொல்வது?

ஆனாலும் இந்தச் சொல் நமக்கு ஒரு காவலும் தருகிறது. யுலிப்ரிஸ்டல் என்ற மருந்தின் கதையைப் பாருங்கள். 2012இல் வெளியான பேர்ல் சோதனைகளில் முதலாவதில், இரத்தசோகையோடு இருந்த 242 பெண்கள் 13 வாரம் பங்கேற்றார்கள். மருந்து எடுத்தவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்குப் போக்கு கட்டுப்பட்டது. ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. பிறகு சிலருக்குக் கல்லீரல் கடுமையாகக் கெட்டது. 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பயன்படுத்திய நிலையில், 5 பேருக்குக் கல்லீரல் மாற்றவேண்டி வந்ததற்கு இந்த மருந்து காரணமாக இருக்கலாம் என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் கண்டது. 2020இல் விற்பனையை நிறுத்திவைத்தது, பின்னர் கடும் கட்டுப்பாடுகளோடு மட்டும் அனுமதித்தது. அமெரிக்கா 2018லேயே ஒப்புதல் தர மறுத்தது.

242 பேரிடம் 13 வாரம் நடந்த சோதனையில், இலட்சத்தில் ஒருவருக்கு வரும் ஆபத்து தெரிய வாய்ப்பே இல்லை. இது யாருடைய சதியும் அல்ல, எண்களின் இயல்பு. ஆனால் உயிரைக் கொல்லாத நோய்க்கு உயிரைப் பணயம் வைக்கும் மருந்து வேண்டாம் என்று சொல்ல வைத்தது, கட்டி தீங்கற்றது என்ற அந்த முத்திரைதான்.

அதே தர்க்கத்தைக் கத்திக்கு ஏன் பொருத்துவதில்லை? மாத்திரை என்றால் இலட்சத்தில் ஒருவருக்கு வரும் ஆபத்தையும் எடைபோடுகிறோம். கர்ப்பப்பையை எடுப்பதற்கு "குழந்தைங்க இருக்காங்கல்ல?" என்ற ஒரு கேள்வி போதும் என்றாகிவிடுகிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பையை இழந்தது 2019இல் வெளியே வந்தது. ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் தேவையின்றி நடந்த அறுவைகள் குறித்து மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவுகள் பிறப்பித்தது. கட்டியோ, வெறும் வெள்ளைப்படுதலோ, எதுவாக இருந்தாலும் இந்தியப் பெண்ணுக்கு முதலில் நீட்டப்படுவது பெரும்பாலும் கத்தி. சோதனைகளில் பிறக்கும் மாற்று வழிகள் அவளிடம் வந்துசேர்வது மிகவும் தாமதமாகத்தான்.

2019இன் புதிய மருந்துகள், மருந்துச் சோதனைகள் விதிகளிலும் இந்த முடிச்சு இருக்கிறது. சோதனை முடிந்த பிறகும் பயன் கண்டவருக்கு மருந்து தொடர்ந்து கிடைக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் மாற்றுச் சிகிச்சை இல்லாத நோய்களுக்கே அது திறக்கும். கர்ப்பப்பையை எடுப்பதும் மாற்றுச் சிகிச்சைதான் என்று கொண்டால், நார்க்கட்டி உள்ள பெண்ணுக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும். சோதனையை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில் ஏழு பேராவது இருக்க வேண்டும், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. கர்ப்பப்பையைப் பற்றிய சோதனைக்கும் ஒருத்தி போதும்.

வேறு மாதிரியும் கேட்கலாம்

முடியாததைக் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் பொதுப்பணத்தில் நடந்த ஃபெம் என்ற சோதனை 2020இல் வெளியானது. கர்ப்பப்பையை வைத்துக்கொள்ள விரும்பிய 254 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். கட்டியை மட்டும் அகற்றும் அறுவையா, கட்டிக்குப் போகும் இரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சையா என்று இரண்டு உண்மையான சிகிச்சைகளை ஒப்பிட்டார்கள். முதன்மை அளவுகோல், இரண்டு ஆண்டுக்குப் பிறகு தன் வாழ்க்கைத் தரம் பற்றி அந்தப் பெண்ணே தரும் மதிப்பெண். அறுவைக்கு 84.6, மற்றதற்கு 80. "எனக்குக் கர்ப்பப்பை வேண்டும்" என்ற விருப்பம் இங்கே நுழைவுத் தகுதி. பாடு அளக்க முடியாதது என்று என் மாணவியிடம் சொன்னவர்களுக்கு இந்தச் சோதனையைத்தான் காட்டுவேன்.

தாளைத் திருப்பிக்கொடுத்த அன்றுதான் எனக்கும் கட்டி இருப்பதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க இதுல சேருவீங்களா மேடம்?" என்றாள். தெரியவில்லை என்றேன். சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவற்றைப் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். வெற்று மாத்திரை எனக்கு வர எவ்வளவு வாய்ப்பு? சோதனைக்குள் இருக்கும்போது இரத்தம் மிகவும் குறைந்தால் யாரைக் கூப்பிடுவது, செலவு யாருடையது? சேராவிட்டால் எனக்கு இருக்கும் வேறு சிகிச்சைகள் எவை? முடிந்த பிறகு மருந்து கிடைக்குமா? எனக்கு எது சரியாக வேண்டும் என்று நீங்கள் எப்போதாவது கேட்டீர்களா?

கடைசிக் கேள்வியை ஏஜென்சி அச்சில் ஏற்றாது என்று இருவருக்கும் தெரியும். ஆனால் தாளை விளக்கிச் சொல்வது அவள் வேலை. வருகிற பெண்களிடம் அதை வாயால் கேட்பதாகச் சொன்னாள். இப்போது கேட்கிறாள். பதில்களைத் தன் நோட்டில் எழுதிவைக்கிறாளாம்.

நான் இன்னும் கர்ப்பப்பையை எடுக்கவில்லை. வேறொரு மருத்துவரிடம் கட்டியை மட்டும் அகற்றுவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். அவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்: எவ்வளவு மில்லி என்று எனக்குத் தெரியாது, ஆனால் மாதத்தில் மூன்று நாள் என்னால் நின்று பாடம் எடுக்க முடியவில்லை. அவர் அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.